கம்பளிக் கணக்கு எழுதிய கவிஞர்

என் அப்பாவுக்குப் பிடித்த ஆங்கிலக் கவிஞர் ஒரே ஒருவர்தான். அவரும் சுங்கத்துறைக்காரர் என்பதால்தான் அப்பா அவரை முதலில் வீட்டுக்குள் விட்டார்.

1986இல் மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்தேன். அப்போது நாங்கள் மயிலாப்பூரில், கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸில் கிளார்க். இரவு வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு, ஈசிசேரில் சாய்ந்ததும், "இன்னிக்கு என்னம்மா நடத்துனாங்க?" என்று கேட்பார். பி.ஏ. படித்த காலத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். எம்.ஏ. முதல் வாரத்தில் எங்கள் பேராசிரியை ஜெஃப்ரி சாசரின் வாழ்க்கையைச் சொன்ன அன்று, அப்பா கேட்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, இந்தக் கவிஞர் உங்க டிபார்ட்மென்ட்டு."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன போஸ்ட்டு?"

"கன்ட்ரோலர். லண்டன் துறைமுகத்துல கம்பளி ஏற்றுமதிக்கு. 1374ல போட்டிருக்காங்க."

"அப்ப கலெக்டர் வேற ஆளா இருந்திருப்பானே?"

அதை நான் சொல்லவில்லை. பேராசிரியையும் அன்று சொல்லியிருக்கவில்லை. நூலகத்தில் தேடிப் பார்த்தபோது அப்பா ஊகித்தது அப்படியே இருந்தது. வரியை வசூலித்தவர்கள் கலெக்டர்கள். நிக்கோலஸ் பிரெம்பர், வில்லியம் வால்வர்த், ஜான் ஃபிலிப்பாட் போன்ற லண்டனின் பெரும் பணக்கார வியாபாரிகள். மன்னருக்கே கடன் கொடுத்தவர்கள். அவர்கள் எழுதும் கணக்குக்கு எதிர்க்கணக்கு எழுதி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது கன்ட்ரோலரின் வேலை. அந்த எதிர்க்கணக்கை ஆள் வைத்து எழுதக் கூடாது, சாசர் தன் கையாலேயே எழுத வேண்டும் என்று நியமன உத்தரவில் இருந்தது. ஒரு கம்பளி மூட்டை 364 பவுண்டு எடை. நம் கணக்கில் ஏறக்குறைய 165 கிலோ. அப்படிப்பட்ட மூட்டைகள் எடை போடப்பட்டு, முத்திரை வாங்கிக் கப்பல் ஏறுவதை 12 ஆண்டுகள் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பணம் வாங்குறவன் ஒருத்தன், கணக்கு எழுதுறவன் ஒருத்தன். அதுதான் சரி" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "கஷ்டமான சீட்டு அது. கலெக்டருங்க எல்லாம் ராஜாவுக்கே கடன் குடுத்தவங்க. இவர் ஒயின் கடைக்காரர் மகன். என்னன்னு சொல்லி நிறுத்துவாரு?" என்று கேட்டார்.

சாசரைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் பிறகு படித்தேன். அந்தப் பதவியின் நெருக்கடியை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

'புகழின் மாளிகை' என்ற சாசரின் நீண்ட கவிதையில் ஒரு கழுகு கவிஞரைத் தன் நகங்களில் தூக்கிக்கொண்டு வானத்தில் பறக்கிறது. போகும் வழியெல்லாம் அது அவரைக் கண்டிக்கிறது: ஆபீஸ் கணக்கு முடிந்ததும் ஊர்ச் செய்தி என்ன, அண்டைவீட்டான் எப்படி இருக்கிறான் என்று எதையும் கேட்காமல் நேரே வீட்டுக்குப் போய், இன்னொரு புத்தகத்தின் முன் கல்லாகச் சமைந்து, கண் மங்கும்வரை உட்கார்ந்திருக்கிறாயே என்று. இதைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது அப்பா சிரிக்கவில்லை. "நகரத்து வாசல் மேலதான குடியிருந்தாருன்னு சொன்ன? எந்த வாசல்?" என்றார். ஆல்ட்கேட். லண்டன் மதிலின் கிழக்கு வாசலுக்கு மேலிருந்த வீடு. அதே 1374இல் வாடகையில்லாமல் ஆயுளுக்கும் அவருக்குக் கொடுக்கப்பட்டது. கீழே வண்டிகளும் மாடுகளும் யாத்திரிகர்களும் போய்க்கொண்டிருக்க, மேலே ஒரு மனிதர் கணக்கெழுதிய கையோடு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அப்பாவுக்கு அந்த வீடு மிகவும் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து சாசர் எங்கள் வீட்டில் 'ஆல்ட்கேட்காரர்' ஆனார்.

வகுப்பில் எங்களுக்கு வைத்திருந்தது 'காண்டர்பரி கதைகள்' நூலின் பொது முன்னுரை; 858 வரிகள். பெரும்பாலான மாணவர்கள் கைடு வாங்கி, கேரக்டர் ஸ்கெட்ச் மனப்பாடம் செய்து பரீட்சைக்குத் தயாரானார்கள். அதற்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் ஆங்கிலமே பேசாத பிள்ளைகளிடம் 600 ஆண்டு பழைய ஆங்கிலத்தைக் கொடுத்தால் வேறென்ன செய்வார்கள்? ஆனால் எங்கள் பேராசிரியை அர்த்தம் சொல்லத் தொடங்குவதற்கு முன்பு ஒரு பீரியட் முழுக்க வாய்விட்டுப் படித்தார். "இன்னிக்கு யாரும் நோட்ஸ் எடுக்க வேண்டாம். காதை மட்டும் கொடுங்க."

காதில் விழுந்தது நாங்கள் அறிந்த ஆங்கிலம் அல்ல. ஆங்கிலத்தின் நெடில்கள் இடம் மாறிப்போனது சாசருக்குப் பிறகுதான். 15ஆம் நூற்றாண்டில் அது வேகம் பிடித்தது. அதற்கு முந்தைய ஆங்கிலத்தில் ஆ, ஆவாகவே ஒலிக்கும், ஈ, ஈயாகவே. நேம் என்பது 'நாமெ', டைம் 'டீமெ', ஹவுஸ் 'ஹூஸ்'. இன்று விழுங்கிவிடும் எழுத்துகளைக்கூட அன்று ஒலித்தார்கள். சொல்லின் கடைசியில் நிற்கும் அந்தச் சின்ன எகரத்தை உச்சரித்தால்தான் சாசரின் வரி பத்து அசையில் நடக்கும். அதை விழுங்கினால் நொண்டும். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறோம் என்று பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளான எங்களுக்கு, எழுத்துக் கூட்டிப் படித்தால்தான் சரியாக வரும் ஒரு ஆங்கிலக் கவி கிடைத்திருந்தார். திருவள்ளூரிலிருந்து ரயிலில் வந்து போகும் ஒரு மாணவர், வகுப்பில் அதுவரை வாயே திறக்காதவர், அடுத்த வாரம் எழுந்து பதினெட்டு வரி படித்தார். பேராசிரியை திருத்தியது இரண்டே இடத்தில்.

எனக்கான புத்தகம் லஸ் முனை நடைபாதைக் கடையில் கிடைத்தது. பொது முன்னுரைக்கு ஏதோ ஒரு கல்லூரிப் பதிப்பு, அட்டை போயிருந்தது. அதை முன்பு வைத்திருந்தவர் தமிழ் யாப்பு படித்தவராக இருக்க வேண்டும். முதல் இரண்டு பக்கங்களில் ஒவ்வொரு சொல்லின் தலையிலும் பென்சிலால் நேர், நிரை என்று அசை பிரித்திருந்தார். மூன்றாம் பக்கத்தில் அந்த முயற்சி நின்றுவிடுகிறது. தமிழ் அசை குறில் நெடிலில் நிற்பது, ஆங்கில அசை அழுத்தத்தில் நிற்பது என்று அவரே கண்டுபிடித்திருப்பார். அதன் பிறகு வரிக்கடைசியில் ஒலிகள் ஒன்றும் இடங்களில் 'இயைபு' என்று மட்டும் குறித்துக்கொண்டே போகிறார். நமக்கு எதுகை வரியின் தொடக்கத்தில். சாசருக்கு ஈரடிதோறும் வரியின் முடிவில். யாரும் சொல்லித்தராமல் சொந்த இலக்கணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்நியக் கவிதைக்குள் இறங்கிய அந்த முகமறியாதவர் மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை. அந்தப் பென்சில் கோடுகளை நான் அழிக்கவே இல்லை.

முன்னுரையின் கதை எளியது. லண்டனுக்குத் தெற்கே சதர்க்கில் டபார்டு என்றொரு சத்திரம். ஏப்ரல் மாதம். காண்டர்பரிக்கு யாத்திரை போகிற முப்பது பேர் அளவிலான கூட்டம் ஒன்று அங்கே சேர்கிறது. சத்திரக்காரர் ஹாரி பெய்லி ஒரு யோசனை சொல்கிறார்: போகும்போது ஆளுக்கு இரண்டு கதை, வரும்போது இரண்டு கதை, நல்ல கதைக்கு எல்லோரும் சேர்ந்து விருந்து. அந்தக் கணக்குக்கு 120 கதை வர வேண்டும். 1400இல் சாசர் இறந்தபோது 24தான் இருந்தன; அவற்றிலும் சில பாதியில் நிற்கின்றன.

இரவுதோறும் அப்பாவுக்கு ஒரு யாத்திரிகரைத் தமிழில் சொல்வது வழக்கமானது. வீரர், கன்னிகாஸ்திரீ, துறவி எல்லோரையும் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார். ஐந்து கணவர்களைப் பார்த்த, காது கொஞ்சம் கேட்காத, மூன்று முறை ஜெருசலேம் போய்வந்த பாத் ஊர்க்காரியை அம்மா சமையலறையிலிருந்து எழுந்து வந்து கேட்டாள். அப்பா உயிர்பெற்றது கணக்கு சம்பந்தப்பட்டவர்கள் வந்தபோதுதான்.

மாவு மில்காரன் வருகிறான். தானியம் திருடுவதில் கைதேர்ந்தவன், ஒரு பங்கு கூலிக்கு மூன்று பங்கு எடுப்பவன், பொன் கட்டைவிரல்காரன். "அளக்கறப்ப கட்டைவிரல் படிக்குள்ள இருக்கும்" என்றார் அப்பா உடனே. வக்கீல்கள் தங்கிப் படிக்கும் இடத்துக்குச் சாமான் வாங்கிப்போடும் ஒருவன் வருகிறான். அவனுக்கு எஜமானர்கள் முப்பது பேருக்கு மேல், எல்லோரும் சட்டம் படித்தவர்கள். அத்தனை பேரையும் எழுதப் படிக்கத் தெரியாத இவன் ஏமாற்றிவிடுகிறான். பிறகு பண்ணைக் காரியக்காரன். எஜமானுக்கு 20 வயது ஆனதிலிருந்து கணக்கு இவன் கையில். எந்த ஆடிட்டராலும் இவனிடம் பிழை காண முடியாது. எஜமானின் சொத்தையே எடுத்து எஜமானுக்குக் கடன் கொடுத்து, நன்றியும் ஒரு அங்கியும் பரிசாக வாங்கிக்கொள்கிறவன்.

அப்பா இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "திரும்பப் படி" என்றார்.

திரும்பச் சொன்னேன்.

"இந்த ஆள் திருடன்னு எங்கயாவது எழுதியிருக்காரா?"

இல்லை. அவன் திறமைசாலி என்றுதான் எழுதியிருக்கிறார். இந்த முன்னுரையில் வருகிறவர்களில் பெரும்பாலோர் அவரவர் துறையில் தலைசிறந்தவர்களாகவே அறிமுகமாகிறார்கள்.

"நோட்டிங்ல யாரையும் குத்தம் சொல்லல. ஆனா ஃபைலைப் படிச்சா எல்லாம் தெரிஞ்சுடுது. பெரிய ஆளும்மா இவரு."

சாசரின் நடையைப் பற்றி நான் பரீட்சையில் எழுதிய ஆறு பக்கத்தின் சாரம் இந்த இரண்டு வரிதான். தீர்ப்பு சொல்லாமல் விவரத்தை மட்டும் அடுக்குவது. எந்த விவரத்துக்குப் பக்கத்தில் எந்த விவரத்தை வைப்பது என்பதில் தீர்ப்பை ஒளித்துவைப்பது. வியாபாரியைப் பற்றிய வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதும் லாபத்தைப் பற்றியே பேசுகிறவர். மிடில்பர்க்குக்கும் ஆர்வெல்லுக்கும் நடுவிலுள்ள கடலை என்ன செலவானாலும் காவல் காக்க வேண்டும் என்கிறவர். அவருக்குக் கடன் இருப்பது யாருக்கும் தெரியாது. மிடில்பர்க் அந்த ஆண்டுகளில் ஆங்கிலக் கம்பளி போய் இறங்கிய துறைமுகம். அந்தக் கடல்வழியில் போன மூட்டைகளுக்குத்தான் சாசர் எதிர்க்கணக்கு எழுதினார். இந்த வியாபாரியைப் போன்றவர்கள் அவர் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். கடன் இருப்பது யாருக்கும் தெரியாது என்று எழுதியவருக்கு அது தெரிந்திருக்கிறது. கவிதை ஆபீசுக்கு வெளியே பிறக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அந்த மேசை பெரிய திறப்பாக இருந்தது.

காண்டர்பரியில் என்ன இருக்கிறது என்று அம்மா ஒருநாள் கேட்டாள். புனித தாமஸ் பெக்கெட்டின் சமாதி. 1170 டிசம்பர் 29 அன்று தேவாலயத்துக்குள்ளேயே மன்னரின் ஆட்களால் வெட்டிக் கொல்லப்பட்ட பேராயர். அவருடைய ரத்தம் ஒரு துளி கலந்தது என்று சொல்லி, தண்ணீரைச் சின்னக் குப்பிகளில் அடைத்து யாத்திரிகர்கள் வாங்கிப்போனார்கள், நோய்க்கு மருந்து.

"தாமஸா? நம்ம சாந்தோம் மாதிரியா?"

எங்கள் சந்திலிருந்து கிழக்கே நடந்தால் கச்சேரி சாலை முடியும் இடத்தில் சாந்தோம். 1896இல் முடிந்த அந்த வெள்ளைக் கோபுரத் தேவாலயத்தின் அடியில் அப்போஸ்தலர் தோமாவின் கல்லறை இருக்கிறது. சின்ன வயதிலிருந்து அதன் வாசலைத் தாண்டித்தான் கடற்கரைக்குப் போயிருக்கிறேன். அம்மா கேட்ட பிறகுதான் மார்க்கோ போலோவை எடுத்துப் படித்தேன். 13ஆம் நூற்றாண்டின் முடிவில் இந்தக் கரைக்கு வந்த போலோ, தோமா கொல்லப்பட்ட இடத்துச் சிவப்பு மண்ணை யாத்திரிகர்கள் எடுத்துப்போகிறார்கள், காய்ச்சல்காரர்களுக்குக் கரைத்துக் கொடுக்கிறார்கள், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வந்து வணங்குகிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். அங்கே ஒரு தாமஸின் ரத்தம் கலந்த தண்ணீர், இங்கே ஒரு தோமாவின் ரத்தம் பட்ட மண். இரண்டையும் மருந்தென்று நம்பி மனிதர்கள் நடந்திருக்கிறார்கள்.

இன்னும் பழைய செய்தி ஒன்று ஆங்கிலோ சாக்ஸன் வரலாற்றுக் குறிப்பில் இருக்கிறது. 883ஆம் ஆண்டுக்கு நேராக, ஆல்ஃபிரட் மன்னர் இந்தியாவிலுள்ள புனித தோமாவுக்கும் பர்த்தலோமேயுவுக்கும் காணிக்கை அனுப்பினார் என்று சில பிரதிகளில் எழுதியிருக்கிறது. அந்தக் காணிக்கை வந்து சேர்ந்ததா, மயிலாப்பூருக்குத்தான் வந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் சாசருக்கு 500 ஆண்டுகள் முன்பே, இங்கிலாந்தில் யாரோ ஒருவர் நம் தோமாவின் பேரை ஏட்டில் எழுதியிருக்கிறார். காண்டர்பரியில் பெக்கெட்டின் சமாதியை 1538இல் எட்டாம் ஹென்றி இடித்துத் தள்ளினார். இங்கே ஆகஸ்டு பிறந்தால் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கும் கூட்டங்களை இன்றும் பார்க்கலாம். பக்கத்தில் நடந்து பாருங்கள். ஜெபம் பாதி, கதை பாதி. சம்பந்தியோடு சண்டை, சினிமா, சீட்டுக்கம்பெனி எல்லாம் பேச்சில் வரும். யாத்திரையில் ஆபாசக் கதையும் பக்திக் கதையும் எப்படி ஒன்றாக வரலாம் என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். எனக்கு அந்தச் சந்தேகம் வரவே இல்லை.

பேராசிரியையின் வீடு தி. நகரில், பனகல் பூங்காவிலிருந்து நடக்கும் தூரத்தில். சனிக்கிழமைகளில் எங்களில் சிலர் போவோம். கூடத்தின் ஒரு சுவர் முழுக்கப் புத்தகம். ஒருமுறை அவர் ஒரு வண்ணப்படத்தைக் காட்டினார்: கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியிலுள்ள 'டிராய்லஸும் கிரிஸைடும்' கையெழுத்துப் பிரதியின் முகப்புச் சித்திரம், 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தது. மேடைபோன்ற ஒன்றில் ஒருவர் நின்று பேசுகிறார், கையில் புத்தகம் இல்லை. கீழே பட்டும் நகையுமாக ஒரு கூட்டம். சிலர் உன்னிப்பாகக் கேட்கிறார்கள், சிலர் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். மார்கழியில் மயிலாப்பூர் சபாவில் கதாகாலட்சேபம் கேட்டவர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதே இல்லை. முன்வரிசையில் கண்மூடித் தலையாட்டுகிற மாமாவைக்கூட அதில் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

"இவர் கதையை எல்லாம் எங்கேர்ந்து எடுத்தார்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார்: லத்தீன், பிரெஞ்சு, இத்தாலியன். 1372இலும் 1378இலும் அரசு வேலையாக இத்தாலி போனவர் பொக்காச்சியோவின் எழுத்தை அறிந்து திரும்பினார். பிறகு, "அதுக்கும் பின்னாடி போனா நம்ம ஊருக்கு வந்துடும். அடையாறு லைப்ரரிக்குப் போய் வேதப்ப ஜாதகத்தைப் படிச்சிட்டு வாங்க" என்றார்.

பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குள் 1886இல் தொடங்கிய நூலகம் அது. அந்தத் தோட்டத்து ஆலமரத்தின் மூல அடிமரம் அப்போது விழுந்திருக்கவில்லை. கவல் பதிப்பித்த பௌத்த ஜாதகக் கதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பில் முதல் தொகுதி, 48ஆவது கதை. ஒரு பிராமணருக்கு மந்திரம் ஒன்று தெரியும். கிரகங்கள் ஒரு குறிப்பிட்ட நிலையில் கூடும்போது அதைச் சொன்னால் வானத்திலிருந்து ரத்தினம் பொழியும். வழியில் 500 திருடர்கள் அவரைப் பிடித்துவைத்துக்கொண்டு, சீடனைப் பணம் கொண்டுவர அனுப்புகிறார்கள். மந்திரத்தைச் சொல்லாதீர்கள் என்று எச்சரித்துவிட்டுச் சீடன் போகிறான். குரு கேட்கவில்லை. ரத்தினம் பொழிகிறது. வேறு 500 திருடர்கள் வருகிறார்கள். அடுத்த மழைக்கு ஒரு வருஷம் ஆகும் என்றதும் பிராமணரை வெட்டுகிறார்கள். முதல் கூட்டத்தைக் கொல்கிறார்கள். பிறகு தங்களுக்குள் 250 பேராகப் பிரிந்து வெட்டிக்கொண்டு, கடைசியில் இரண்டே பேர் மிஞ்சுகிறார்கள். ஒருவன் கத்தியோடு புதையலைக் காவல் காக்கிறான். மற்றவன் ஊருக்குள் போய்ச் சோறு சமைத்து, தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு மீதியில் விஷம் கலந்து கொண்டுவருகிறான். வந்தவனை வெட்டிவிட்டு இவன் சோற்றைத் தின்கிறான்.

சாசரின் பாவமன்னிப்பு விற்பவன் சொல்லும் கதையில் மூன்றே குடிகாரர்கள். கொள்ளைநோய்க் காலம். தங்கள் நண்பனைக் கொன்ற மரணத்தைத் தேடிப்பிடித்துக் கொல்வோம் என்று போதையில் சபதம் செய்து கிளம்புகிறார்கள். வழியில் சாவு வராத ஒரு கிழவர். தாயே என்னை உள்ளே விடு என்று பூமியைத் தடியால் தட்டிக்கொண்டே அலைகிறவர். மரணத்தை அந்த மரத்தடியில் பார்த்தேன் என்று வழிகாட்டுகிறார். மரத்தடியில் பொற்காசுக் குவியல். சீட்டுக் குலுக்கி, இளையவனை ரொட்டியும் மதுவும் வாங்க அனுப்புகிறார்கள். மற்றதை நீங்களே ஊகிக்கலாம். 1348இல் ஐரோப்பாவைச் சூறையாடிய பிளேக் சாசரின் குழந்தைப் பருவத்து நிகழ்வு. கொள்ளைநோய் என்ற சொல் அவர் கேட்பவர்களுக்கு வெறும் சொல்லாக இருந்திருக்காது.

ஜாதகத்தில் ஆயிரம் பேர் சாகிறார்கள், பாதி பாதியாக. அந்தக் குறையும் கணக்கே பயங்கரம். சாசர் ஆயிரத்தை மூன்றாக்கி, மூவருக்கும் பேச்சைக் கொடுத்துவிட்டார். இளையவன் மருந்துக்கடையில் நின்று, எலித்தொல்லை தாங்கவில்லை என்று சொல்லி விஷம் வாங்கும் இடம் ஒன்று போதும். பொய் சொல்லும்போது ஒருவன் தேவைக்கு மேல் விவரம் சொல்வான் என்பது துறைமுகத்தில் உட்கார்ந்தவருக்குத் தெரியாதா? இந்தக் கதை நம் பக்கத்திலிருந்து பாரசீகம், அரபு வழியாக வாய்க்கு வாய் போய்த்தான் ஐரோப்பாவைச் சேர்ந்திருக்கும் என்கிறார்கள். கதாசரித்சாகரத்தை 1880களில் ஆங்கிலமாக்கிய கல்கத்தா மாநிலக் கல்லூரியின் சி. எச். டானி, இந்த உறவைச் சுட்டிக்காட்டியவர்களில் ஒருவர்.

அப்பாவுக்கு ஜாதகத்தைவிட, சாசர் தன் பத்து வயது மகன் லூயிஸுக்காக 1391இல் எழுதிய ஆஸ்ட்ரோலேப் கருவி விளக்கம்தான் பெரிதாகப் பட்டது. உனக்கு லத்தீன் போதாது, அதனால் எளிய ஆங்கிலத்தில் சொல்கிறேன் என்று தொடங்கி, நட்சத்திரம் பார்க்கும் கருவியைப் படிப்படியாக விளக்குகிறார். அரசவை பிரெஞ்சு பேசிய காலம். கல்வி லத்தீனில் இருந்த காலம். "புள்ளைக்குப் புரியற பாஷைல சொல்றவர்தான் படிச்சவரு" என்று அப்பா இதைப் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் பெரிய சண்டை மூண்டது ஃபிராங்க்ளின் என்ற யாத்திரிகர் சொல்லும் கதையில். கணவன் கடல் கடந்து போயிருக்கிறான். தனியாக இருக்கும் டோரிகனை அரேலியஸ் என்ற இளைஞன் விரும்புகிறான். பிரிட்டனி கடற்கரையின் கரும்பாறைகளை எல்லாம் அகற்றிவிட்டால் உன்னவள் ஆகிறேன் என்று விளையாட்டாகச் சொல்லிவிடுகிறாள். அவன் ஆர்லியன்ஸ் நகரத்துப் பண்டிதர் ஒருவரை ஆயிரம் பவுண்டுக்குப் பேசி, மாயத்தால் பாறைகளை மறைத்துவிடுகிறான். திரும்பி வந்த கணவன், சொன்ன சொல்லைக் காப்பாற்று என்று அழுதுகொண்டே அவளை அனுப்புகிறான். அதைக் கேட்ட அரேலியஸ் மனமிரங்கி அவளைத் திருப்பி அனுப்புகிறான். பிறகு பண்டிதரிடம் போய், இப்போது 500 பவுண்டு இருக்கிறது, மீதிக்கு இரண்டு மூன்று வருஷம் தவணை கொடுங்கள் என்கிறான். நடந்ததைக் கேட்ட பண்டிதர் ஒரு காசும் வேண்டாம் என்றுவிடுகிறார். இவர்களில் யார் பெருந்தன்மையானவர் என்று கேட்பவர்களையே கேட்டுவிட்டுக் கதை முடிகிறது.

"இது வேதாளம் கேட்டதாச்சே" என்றாள் அம்மா.

அம்மாவிடம் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை இருந்தது. வடபழனியிலிருந்து வந்துகொண்டிருந்த அம்புலிமாமாவை அவள் மாதம் தவறாமல் வாங்கினாள். தோளில் பிணமும் கையில் வாளுமாகச் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனை எங்கள் தெருவில் அறியாத பிள்ளை கிடையாது. அம்மா சொன்னது அவள் பாட்டி சொல்லிக் கேட்ட கதை. கல்யாணமான இரவு, முன்பு ஒருவனுக்குக் கொடுத்த வாக்குக்காகக் கணவனிடம் அனுமதி பெற்றுப் புறப்படுகிறாள் ஒரு பெண். வழியில் ஒரு திருடன் மறிக்கிறான். திரும்பி வருகிறேன் என்று சொன்னதும் விட்டுவிடுகிறான். வாக்குக் கொடுக்கப்பட்டவனும் மாற்றான் மனைவி என்று அவளைத் தொடாமல் அனுப்புகிறான். சொன்னபடி திருடனிடம் வருகிறாள். அவன் ஒரு நகையைக்கூடத் தொடாமல் அவளை அனுப்பிவைக்கிறான். மூவரில் யார் உயர்ந்தவன்? வேதாளத்துக்கு மன்னன் பதில் சொல்லியே ஆக வேண்டும். திருடன் என்கிறான். சாசரிடம் இந்தக் கதை வந்த வழியில் பொக்காச்சியோவின் 'ஃபிலோகோலோ' ஒரு படி. அதற்கு அப்பால் இந்தக் கதை கிழக்கேதான் போகிறது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அப்பா பண்டிதர் கட்சி. "வேலையைச் செஞ்சு முடிச்சிட்டாரு. பில்லு போட்டாச்சு. பார்ட்டி தவணை கேக்கறான், கொடுக்கவும் ஆள் தயார். செஞ்ச வேலைக்கு வர்ற கூலியை விடறவன்தான் பெரியவன்."

"அந்தப் பண்டிதர் உட்கார்ந்திருக்கற எடத்துலதான் திருடன் உட்கார்ந்திருந்தான், கவனிச்சீங்களா?" என்றேன். பழைய கதையில் திருடன் நின்ற இடத்தில் சாசரில் படித்தவர் நிற்கிறார். இருவரும் இந்தக் காதலுக்கு வெளியே இருப்பவர்கள். இருவருக்கும் இதில் வரும்படி மட்டுமே.

அப்பா அதை மறுக்கவில்லை. "அப்ப ரெண்டும் ஒரே பதில்தான்."

"எப்படி ஒண்ணாகும்?" என்றாள் அம்மா. "பண்டிதர் கையில வேற தொழில் இருக்கு. நாளைக்கு இன்னொருத்தன் வந்து இன்னொரு பாறையை மறைக்கச் சொல்வான். திருடனுக்கு அன்னிக்கு ராத்திரி சோறே அந்த நகைதான்."

சனிக்கிழமை தி. நகரில் இதைச் சொன்னேன். பேராசிரியை நோட்டை எடுத்து அம்மா சொன்னதைக் குறித்துக்கொண்டார். விக்கிரமாதித்தனைப் போலச் சாசர் பதிலைச் சொல்லியிருந்தால் உங்கள் வீட்டில் இந்தப் பேச்சே நடந்திருக்காது என்றார். இவை கூட்டமாக உட்கார்ந்து கேட்ட கவிதைகள். கவி வாயை மூடிய பிறகு கூட்டம் பேச வேண்டும் என்பது அவர் கணக்கு.

அடுத்த வாரம் அவரை வீட்டுக்கு அழைத்துவந்தேன். அப்பாவும் அவரும் முதல் அரைமணி எதிர்க்கணக்கைப் பற்றியே பேசினார்கள். பிறகு அம்மா காப்பி டபராவை அவர் முன் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, "நீங்க யார் கட்சிங்க?" என்று கேட்டாள்.